பந்தயத்தில் ஜெயித்தான், படுக்கையில் விழுந்தான்!
காமா பயில்வான் கதை

சோளிங்கர் பெரிய மலைக்கு 1,300 படிகளுக்கு மேல் ஏறவேண்டும். 2024-ல் "ரோப் கார்" வந்துவிட்டது. ஆனாலும் வேண்டுதல் உள்ளவர்கள் படி ஏறித்தான் போகிறார்கள்.

கூட வரும் பிள்ளை 200 படி ஏறும். 300 படி ஏறும். பிறகு கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிடும். தகப்பனார் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார். இன்னும் கொஞ்சம்தான், எழுந்திரு என்று அதட்டுகிற தகப்பனாரும் உண்டு.

கால் வலிக்கிறது என்று உட்காராத ஒரு பையன் இருந்தான். அவனுக்கு வயது 10. அவன் உட்கார்ந்தான், எழுந்தான். மறுபடியும் உட்கார்ந்தான், எழுந்தான். ஆயிரக்கணக்கான தடவை!

அவன் பெயர் குலாம் முகமது. வீட்டில் கூப்பிட்ட பெயர் காமா. பிற்காலத்தில் உலகமே அவரை "காமா பயில்வான்" என்று அழைத்தது.

தாராசிங்கும் கிங்காங்கும் சென்னையில் குஸ்தி போட்டதைப் பார்த்த தாத்தாமார்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் காமாவைப் பற்றிச் சொல்வார்கள். வாழ்நாள் முழுவதும் குஸ்தி போட்டும் தோற்காதவர் என்று பெயர் எடுத்தவர் அவர்.

பிள்ளைகளைப் பந்தயத்துக்குத் தயார் செய்கிற பெற்றோர், காமாவைப் பார், அவரைப்போல் ஆகவேண்டாமா என்று சொல்வது வழக்கம். ஆனால் காமாவின் சின்ன வயதுக் கதையை முழுவதும் கேட்டவர்கள் குறைவு.

குஸ்திக் குடும்பம்

காமா 1878-ம் ஆண்டு பஞ்சாபில் அமிர்தசரசை அடுத்த ஒரு கிராமத்தில் பிறந்தார். காஷ்மீரிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பம். பரம்பரை பரம்பரையாகக் குஸ்திதான் தொழில்.

அந்தக் காலத்தில் குஸ்தி வெறும் விளையாட்டு அல்ல. அது சோறு போட்டது. வடநாட்டு ராஜாக்கள் யானை வளர்ப்பதுபோல் பயில்வான்களை வளர்த்தார்கள். மாதம் சம்பளம், தினமும் பால், நெய், பாதாம்பருப்பு எல்லாம் அரண்மனைச் செலவு. ஒரு ராஜாவின் பயில்வான் இன்னொரு ராஜாவின் பயில்வானைத் தோற்கடித்தால் அந்த ராஜாவுக்கே பெருமை.

காமாவின் தகப்பனார் முகமது அஜீஸ் பக்ஷ், ததியா சமஸ்தானத்தில் அப்படி இருந்த பயில்வான். தன் மகன் தன்னைவிடப் பெரிய பயில்வான் ஆகவேண்டும் என்பது அவர் ஆசை.

அந்த ஆசை நிறைவேறுவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. காமாவுக்குச் சுமார் 6 வயதாக இருக்கும்போதே அவர் இறந்துபோனார்.

காமாவும் தம்பி இமாம் பக்ஷும் தாய்வழிப் பாட்டனார் வீட்டுக்கு வந்தார்கள். பாட்டனார் நூன் பயில்வானும் குஸ்திக்காரர். செத்துப்போன மருமகனின் ஆசையை நிறைவேற்றியே தீருவது என்று அவர் உறுதி எடுத்துக்கொண்டார். கொஞ்ச காலத்தில் பாட்டனாரும் இறந்தார். பிறகு மாமன் ஈதா பயில்வான் பொறுப்பேற்றார். அவரும் அதே உறுதியில் நின்றார்.

ஒரு சின்னப் பையன். அவன் தலையில் இறந்துபோன தகப்பனின் ஆசை, இறந்துபோன பாட்டனின் சபதம், உயிரோடு இருக்கும் மாமனின் கௌரவம். எனக்கு இது வேண்டாம் என்று அவனால் சொல்லியிருக்க முடியுமா?

அவர்கள் கெட்டவர்கள் அல்ல. காமாவிடம் உயிராக இருந்தவர்கள். பையனுக்குப் பாலும் பாதாம்பருப்பும் பழச்சாறும் கொடுத்து வளர்த்தார்கள். ஆனால் விடிவதற்கு முன்பே எழுப்பிவிடுவார்கள். 10 வயது ஆவதற்குள் தினமும் 500 பஸ்கி, 500 தண்டால் எடுக்கவேண்டும். கோதாவின் மண்ணைக் கொத்திப் புரட்டுவதும் பயிற்சிதான்.

பஸ்கி என்றால் தெரியும் அல்லவா? பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போடுகிறோமே, கிட்டத்தட்ட அதுதான். காதைப் பிடித்துக்கொள்வது மட்டும் கிடையாது. 50 தோப்புக்கரணம் போட்டுவிட்டு மறுநாள் மாடிப்படி இறங்கிப் பாருங்கள்!

ஜோத்பூர் பந்தயம்

1888-ம் ஆண்டு. ஜோத்பூர் மகாராஜா ஒரு பெரிய பந்தயம் வைத்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்து 400-க்கு மேற்பட்ட பயில்வான்கள் வந்து கூடினார்கள்.

அது ஆளை ஆள் தள்ளும் குஸ்தி அல்ல. யாருக்கு உடம்பில் தெம்பு அதிகம் என்று பார்க்கும் பந்தயம். எல்லாரும் பஸ்கி எடுக்கவேண்டும். முடியாதவர்கள் ஒதுங்கிக்கொள்ளவேண்டும். கடைசிவரை நிற்பவருக்குப் பரிசு.

மீசை வைத்த மாமிச மலைகளுக்கு நடுவில், 10 வயதுக் காமாவும் போய் நின்றான்.

பஸ்கி தொடங்கியது. நூறு ஆயிற்று. இருநூறு ஆயிற்று. வெயில் ஏறியது. பெரிய பெரிய ஆட்கள் தொடை நடுங்கி உட்கார்ந்தார்கள். நூற்றுக்கணக்கான பேர் ஒதுங்கினார்கள். கூட்டம் கரைந்து, கடைசியில் மிஞ்சியவர்கள் 15 பேர். அந்தப் பதினைந்து பேரில் ஒருவன் காமா!

மகாராஜா ஆச்சரியப்பட்டார். இத்தனை சின்ன வயதில் இத்தனை உறுதியா என்று வியந்து, பரிசு அந்தப் பையனுக்கே என்று அறிவித்துவிட்டார். கூட்டம் ஆரவாரம் செய்தது. ஒரே நாளில் வடநாடு முழுவதும் காமாவின் பெயர் பரவிற்று.

சாதாரணமாக இந்தக் கதையை இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். மேலே நடந்தது இதுதான்.

காமா படுக்கையில் விழுந்தான். கை கால் அசைக்க முடியவில்லை. ஒரு வாரம் எழுந்திருக்கவில்லை. எத்தனை பஸ்கி எடுத்தாய் என்று கேட்டவர்களுக்கு அவனால் கணக்குச் சொல்லவும் முடியவில்லை. பல ஆயிரம் இருக்கும் என்பதுதான் தெரிந்தது.

கூட வந்த பெரியவர்கள் போதும், வா என்று இடையில் கூப்பிட்டதாக எந்தக் கதையும் சொல்லவில்லை. முடிவு கட்டியது மகாராஜாதான். அவர் இன்னும் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

டாக்டர்கள் சொல்வது

இன்றைய டாக்டர்களுக்கு இதன் பதில் தெரியும். ஒரே தசையை அளவுக்கு மீறி வேலை வாங்கினால் அந்தத் தசை சிதையும். சிதைந்த பொருள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகும். சிறுநீர் காப்பி டிக்காஷன் நிறத்தில் இறங்கும். கவனிக்காவிட்டால் சிறுநீரகம் வேலை செய்வதை நிறுத்திவிடும். நல்ல திடகாத்திரமான வாலிபர்களே இப்படி ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். 10 வயதுப் பையன் எம்மாத்திரம்?

இன்னொன்றும் உண்டு. பிள்ளைகளின் கை கால் எலும்புகளின் முனைக்கு அருகில் குருத்தெலும்பு இருக்கிறது. எலும்பு நீளமாக வளர்வது அந்த இடத்தில்தான். வளர்ந்து முடியும்வரை அது கெட்டிப்படாது. ஓயாமல் ஒரே அசைவைச் செய்தால் முதலில் அடிபடுவது அதுதான். அதனால்தான் விளையாடும் பிள்ளைக்கு வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு வேண்டும் என்றும், வருஷத்தில் இரண்டு மூன்று மாதம் அந்த ஆட்டத்தையே தொடவேண்டாம் என்றும் டாக்டர்கள் சொல்கிறார்கள்.

பிள்ளைக்கு வலி தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். ஆனால் அப்பா பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர் முகம் வாடிவிடக்கூடாது என்பதற்காகவே பிள்ளை வாயை மூடிக்கொண்டு ஓடும். வலியைப் பெரியவர்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

பிரான்சிலும் ஒரிசாவிலும்

இது குஸ்திக்காரர் வீட்டில் மட்டும் நடந்தது அல்ல. பிரான்ஸ் நாட்டில் சூசான் லெங்லன் என்று ஒரு பெண் இருந்தார். 1899-ல் பிறந்தவர். டென்னிஸ் ராணி! விம்பிள்டனில் 6 தடவை ஒற்றையர் பட்டம் பெற்றவர். 15 வயதிலேயே பாரிசில் உலகப் பட்டம் வாங்கினார்.

தகப்பனார் சார்லஸ் லெங்லன்தான் அவருக்கு வாத்தியார். மைதானத்தில் கைக்குட்டையைப் போட்டு, பந்து அதன்மேல் விழவேண்டும் என்பார். மணிக்கணக்கில் இது நடக்கும். சிறிது தவறினாலும் தகப்பனாரும் தாயாரும் பந்தய மேடையிலிருந்தே கடிந்துகொள்வார்கள். களைத்துப்போனால் தகப்பனார் பிராந்தி கொடுத்துத் தெம்பூட்டினார். பார்ப்பதற்கு ராணி. உள்ளுக்குள் எப்போதும் படபடப்பு. உடம்பு அடிக்கடி படுத்தியது. 1938-ல் ரத்தசோகை நோயால் இறந்தபோது அவருக்கு வயது 39-தான்.

நம் நாட்டில் 2006-ல் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஒரிசாவில் புதியா சிங் என்ற 4 வயதுச் சிறுவனை பூரியிலிருந்து புவனேசுவரம் வரை 65 கிலோமீட்டர் ஓடவைத்தார்கள். ஏழு மணி நேரம்! முடியும் தறுவாயில் பிள்ளை சுருண்டு விழுந்தது. தகப்பன் இல்லாத பிள்ளை. பயிற்சியாளர் ஒருவர் எடுத்து வளர்த்து வந்தார். வழியெல்லாம் ஜனங்கள் கை தட்டினார்கள். கடைசியில் அரசாங்கம் தலையிட்டு இப்படி ஓடக்கூடாது என்று தடுத்தது.

நம் பக்கத்துக் கவலை

இதையெல்லாம் நாம் எதற்குப் பேசவேண்டும்?

வேலூர் வட்டாரத்தில் பளு தூக்குவது பெயர் பெற்ற விளையாட்டு. வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-லும் 2018-லும் காமன்வெல்த் பந்தயத்தில் தங்கப் பதக்கம் வாங்கினார். அவருடைய தகப்பனாரும் பளு தூக்கியவர்தான். ஒரு பையன் பதக்கம் வாங்கினால் பக்கத்துத் தெருவில் பத்துத் தகப்பனார்களுக்கு ஆசை வருவது இயற்கை.

ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் பதனிடும் தொழிற்சாலையில் நாள் முழுவதும் நின்று வேலை செய்கிற தகப்பனார், தன் மகன் இந்த வேலைக்கு வரக்கூடாது என்று நினைக்கிறார். ரெயில்வேயிலும் போலீசிலும் விளையாட்டுக்காரர்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு பதக்கம், ஒரு சர்ட்டிபிகேட், அப்புறம் சர்க்கார் உத்தியோகம். இதுதான் கணக்கு. இதில் பேராசை ஒன்றும் இல்லை. வயிற்றுப்பாடு. அஜீஸ் பக்ஷ் தன் மகனைப் பற்றிப் போட்ட கணக்கும் கிட்டத்தட்ட இதேதான். அவருக்கு மகாராஜா; நமக்கு ரெயில்வே. அவ்வளவுதான் வித்தியாசம்.

காமாவைப்போல அந்தக் காலத்தில் 6 வயதில் கோதாவில் இறக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களில் முதுகு ஒடிந்தவர்கள், முழங்கால் போனவர்கள் கதையை யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு காமாவின் கதைதான் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதை மட்டும் படித்துவிட்டுக் கணக்குப் போட்டால் கணக்கு தப்பும்.

லண்டனில் காமா

ஜோத்பூர் பந்தயத்துக்குப் பிறகு ததியா மகாராஜா காமாவைத் தம் ஆதரவில் எடுத்துக்கொண்டார். பையன் வளர்ந்தான். உயரம் 5 அடி 7 அங்குலம்தான். ஆனால் மார்பும் தோளும் இரும்பு.

17 வயதில் காமா ரகீம் பக்ஷ் சுல்தானிவாலாவைக் குஸ்திக்கு அழைத்தார். ரகீம் அப்போது இந்தியாவிலேயே பெரிய பயில்வான். உயரம் ஏறக்குறைய 7 அடி! காமா அவர் நெஞ்சு வரைக்கும்தான் இருந்தார். அவர் ஒரு தட்டுத் தட்டினால் இந்தப் பையன் எழமாட்டான் என்று கூட்டம் நினைத்தது. குஸ்தி நீண்ட நேரம் நடந்தது. காமாவுக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம் வடிந்தது. ஆனாலும் கீழே விழவில்லை. வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தது. பல வருஷம் கழித்து, இங்கிலாந்திலிருந்து திரும்பிய பிறகு, அலகாபாத்தில் அதே ரகீமைக் காமா தோற்கடித்தார்.

வாலிபத்தில் தினமும் 5,000 பஸ்கி, 3,000 தண்டால் எடுத்தார் என்றும், கோதாவில் 40 பேருடன் ஒருவர்பின் ஒருவராக மல்லுக்கட்டினார் என்றும் சொல்வார்கள். சினிமா நடிகர் புரூஸ் லீ கூடக் காமாவின் பயிற்சியைப் படித்துத் தாமும் பஸ்கி எடுத்தவர்.

1910-ல் காமாவும் தம்பி இமாம் பக்ஷும் கப்பல் ஏறி லண்டன் போனார்கள். வங்காளத்துப் பணக்காரர் சரத்குமார் மித்திரர் செலவை ஏற்றுக்கொண்டார்.

அங்கே உலகப் பயில்வான்கள் போட்டி. ஆனால் காமாவைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆள் குள்ளம் என்றார்கள்! காமா சும்மா இருக்கவில்லை. எந்த மூன்று பேர் வேண்டுமானாலும் வரட்டும், அரை மணி நேரத்தில் மூவரையும் தள்ளிக் காட்டுகிறேன் என்று சவால் விட்டார். முதலில் யாரும் வரவில்லை. ஏதோ ஏமாற்று வித்தை என்று நினைத்தார்கள். பிறகு அமெரிக்கப் பயில்வான் ரோலர் வந்தார். காமா அவரை முதல் தடவை 1 நிமிஷம் 40 விநாடியில் தள்ளினார். இரண்டாம் தடவை 9 நிமிஷம் 10 விநாடி.

அடுத்து போலந்து தேசத்து ஸ்பிஸ்கோ. காமாவைவிடப் பெருத்த சரீரம். 1910 செப்டம்பர் 10-ந் தேதி லண்டனில் இருவரும் மோதினார்கள். மோதினார்கள் என்று சொல்வதுகூடத் தப்பு. ஸ்பிஸ்கோ ஆரம்பத்திலேயே தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார். ஆமை மாதிரி கிடந்தார். காமா புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இந்தக் கூத்து நடந்தது. இருட்டிவிட்டது. ஒரு வாரம் கழித்து மறுபடியும் மோதவேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

செப்டம்பர் 17-ந் தேதி காமா வந்து நின்றார். ஸ்பிஸ்கோ வரவே இல்லை! "ஜான் புல்" பட்டையையும் 250 பவுன் பரிசையும் காமாவிடம் கொடுத்தார்கள்.

18 வருஷம் கழித்து ஸ்பிஸ்கோ இந்தியாவுக்கே வந்தார். 1928 ஜனவரியில் பாட்டியாலாவில் குஸ்தி. இரண்டு பேருக்குமே 50 வயதை ஒட்டி இருக்கும். இந்தத் தடவை ஸ்பிஸ்கோ படுக்க நேரம் கிடைக்கவில்லை. ஒரு நிமிஷத்துக்குள் முதுகு மண்ணில் பட்டது.

கடைசிக் காலம்

1947-ல் நாடு பிரிந்தபோது காமா லாகூரில் இருந்தார். மோகினி ரோடு என்ற தெருவில் அவர் வீடு. அங்கே இந்துக் குடும்பங்களும் இருந்தன. கலகக் கும்பல் வந்தபோது காமா தம் பயில்வான்களுடன் தெருவில் வந்து நின்றார். ஒருவரும் உள்ளே நுழைய முடியவில்லை. பிறகு அந்தக் குடும்பங்கள் ஊரை விட்டுப் போகவேண்டிய நிலை வந்ததும், அவர்களைத் தம் செலவில் எல்லை வரை பத்திரமாகக் கொண்டுபோய்விட்டார்.

காமாவுக்கு நான்கு பெண்கள். ஐந்து ஆண் பிள்ளைகள். ஐந்து பேருமே சின்ன வயதில் இறந்துபோனார்கள். கடைசிப் பையன் ஜலாலுதீன் 1945-ல் இறந்தபோது அவனுக்கு வயது 13. அந்த அதிர்ச்சியில் காமாவுக்குச் சில நாள் பேச்சே வரவில்லை என்கிறார்கள். 7 அடி ரகீமுக்கு அசையாத மனிதர் அதில் ஆடிப்போனார்.

ராஜாக்கள் போனார்கள். பயில்வான்களுக்கு வந்த பாலும் பாதாம்பருப்பும் போயின. முதுமையில் காமா நோயில் விழுந்தார். மருந்துக்குப் பணம் இல்லை. செய்தி கேட்டு இந்தியாவிலிருந்து தொழிலதிபர் பிர்லா பண உதவி செய்தார். பாகிஸ்தான் அரசாங்கமும் கொஞ்சம் உதவியது.

1960 மே 23-ந் தேதி காமா லாகூரில் காலமானார். அவருடைய குஸ்தி தம்பி இமாம் பக்ஷின் பிள்ளைகளோடு தொடர்ந்தது. இமாம் பக்ஷின் மகன் போலு பயில்வான் பாகிஸ்தானின் சாம்பியன் ஆனார். காமாவின் மகள் வயிற்றுப் பேத்தி குல்சூம் கோதாப் பக்கம் போகவில்லை. அவர் உருது இலக்கியம் படித்தார். பாகிஸ்தான் பிரதமராக இருந்த நவாஸ் ஷெரீப்பின் மனைவி அவர்தான்.